கையால் எட்டிய முப்பத்தொன்பது இலக்கங்கள்

நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது, கவிதை குறித்தோ கவிஞர் ஒருவர் குறித்தோ எழுதுவேன் என்றுதான் அவர்கள் எதிர்பார்த்திருப்பார்கள். நான் எழுத எடுத்துக்கொண்டதோ ஓர் எண்ணின் வரலாறு. அந்த எண் இது:

170 141 183 460 469 231 731 687 303 715 884 105 727

முப்பத்தொன்பது இலக்கங்கள். இது ஒரு பகா எண். தன்னாலும் ஒன்றாலும் அன்றி வேறெந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாது. நன்னூல் கற்ற அன்பர்களுக்கு இச்சொல் புதிதன்று. பகுத்தால் பொருள் தராதது பகாப்பதம். பகுக்கவே இடம் தராதது பகா எண். இப்பெயரொற்றுமை தற்செயலானது என்று நான் எண்ணவில்லை. பகுபதங்களைப் பிரித்துக்கொண்டே போனால் இறுதியில் பகாப்பதங்களில் நிற்பதுபோல, எந்த எண்ணைப் பகுத்துக்கொண்டே போனாலும் இறுதியில் பகா எண்களிலேயே வந்து நிற்கிறோம்.

மேலே கண்ட எண்ணை இயந்திரம் எதுவும் கண்டு சொல்லவில்லை. ஒரு மனிதர் தம் கையால் கணக்கிட்டுக் கண்டார். 1876 முதல் 1951 வரை எழுபத்தைந்து ஆண்டுகள், மனிதகுலம் அறிந்த மிகப்பெரிய பகா எண்ணாக அதுவே நின்றது. சீனிவாச இராமானுசனின் முழு வாழ்வும் (1887-1920), குற்றாலத்தருகே வல்லத்தில் பிறந்த சு. சி. பிள்ளை எனும் சிவசங்கரநாராயண பிள்ளையின் முழு வாழ்வும் (1901-1950) இந்த எழுபத்தைந்து ஆண்டுகளுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. தமிழகம் பெற்ற இருபெரும் எண்ணியல் அறிஞர்கள் கண் திறந்ததும் மூடியதும் இந்த ஒரே எண் உச்சியில் நின்ற காலத்தில்தான். இச்செய்தி என் மனத்தைப் பல நாள் விடாமல் பற்றிக்கொண்டிருந்தது. இக்கட்டுரைக்குக் காரணம் அதுவே.

எண்ணின் அமைப்பை முதலில் பார்ப்போம். சதுரங்கப் பலகையின் முதற் கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என இரட்டித்துக்கொண்டே போகும் கதையை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அறுபத்துநான்கு கட்டங்களும் நிரம்பினால் சேரும் நெல், 2-இன் 64ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. அதன் கடைசி இலக்கம் 5. எனவே அது ஐந்தால் வகுபடும். பகா எண் ஆகாது. பலகைக்கு 127 கட்டங்கள் இருந்தால் சேரும் நெல்லின் தொகைதான் நம் எண்: 2-இன் 127ஆம் அடுக்கில் ஒன்று குறைவு.

இவ்வகை எண்களைப் பட்டியலிட்டவர் பிரான்சு நாட்டுத் துறவி மரன் மெர்சென். 2-இன் அடுக்கில் ஒன்று குறைத்தால் எப்போது பகா எண் கிட்டும் என்பதற்கு, 257 வரையுள்ள அடுக்குகளுக்கு 1644இல் அவர் ஒரு பட்டியல் வெளியிட்டார். மதுரையில் திருமலை நாயக்கர் ஆண்டுகொண்டிருந்த காலம் அது. நம் மலைக்கோட்டையும் அவர் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. மெர்செனின் பட்டியலில் 67, 127, 257 ஆகியவை இருந்தன. அவற்றுள் 67உம் 257உம் பிழை. 61, 89, 107 ஆகியவை சேர்ந்திருக்க வேண்டும்; அவர் விட்டுவிட்டார். 127 மட்டும் சரியாக விழுந்தது. எப்படி அறிந்தார்? பெரும்பாலும் ஊகம் என்றே கொள்ள வேண்டும். 67ஆம் அடுக்கின் கதை தனிச்சுவை உடையது. 1903இல் அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டமொன்றில் பிராங்க் நெல்சன் கோல் என்பவர் வாய் திறவாமல் கரும்பலகைக்குச் சென்று, ஒருபுறம் 2-இன் 67ஆம் அடுக்கில் ஒன்று குறைத்து எழுதினார். மறுபுறம் 193707721, 761838257287 என்னும் இரு எண்களைப் பெருக்கிக் காட்டினார். இரண்டும் ஒன்றாயின. சொல் ஒன்றும் பேசாமல் இருக்கைக்குத் திரும்பினார். ஒரு சொற்பொழிவு இதைவிடச் சுருக்கமாக அமைய முடியுமா என்று, மேடைகளில் நெடுநேரம் பேசிப் பழகிய நாம் எண்ணிப் பார்க்கலாம்.

127ஆம் அடுக்கை எடுத்துக்கொண்டவர் எதுவார் லூக்கா. 1842இல் பிரான்சின் அமியான் நகரில் பிறந்தவர். மூன்று கம்பங்களில் தட்டுகளை மாற்றியடுக்கும் 'ஹனாய் கோபுரம்' என்னும் விளையாட்டை 1883இல் உலகுக்கு அளித்தவரும் இவரே. காசியில் ஒரு கோயிலில் 64 பொற்றட்டுகளை அர்ச்சகர்கள் இடையறாது மாற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்றும், அப்பணி முடியும்போது உலகம் முடியும் என்றும் ஒரு கதை அவ்விளையாட்டோடு சேர்ந்து பரவியது. காசியில் அப்படி ஒரு கோயில் இல்லை. கதை பாரிசில் பிறந்தது. ஆனால் அத்தட்டுகளை மாற்ற வேண்டிய முறைகளின் எண்ணிக்கை 2-இன் 64ஆம் அடுக்கில் ஒன்று குறைவு என்பது மெய். நெல்லுக்குச் சொன்ன அதே தொகை.

லூக்கா தம் முடிவை வெளியிட்ட 1876 நம்மவர் மறக்கும் ஆண்டன்று. அவ்வாண்டு மழை பொய்த்தது. தாது வருடப் பஞ்சம் தொடங்கியது. அன்றைய மதுரை மாவட்டத்தின் பகுதியாயிருந்த நம் திண்டுக்கல் சமவெளியும் அப்பஞ்சத்திலிருந்து தப்பவில்லை. வில்லியப்ப பிள்ளையின் 'பஞ்சலட்சணத் திருமுகவிலாசம்' அக்கொடுமையை எள்ளலும் கண்ணீருமாகப் பதித்து வைத்திருக்கிறது. பலகையில் நெல்லை இரட்டிக்கும் கதையை நான் சொல்லும்போதெல்லாம், அதே ஆண்டில் ஒரு பிடி நெல்லுக்கு ஏங்கி வழியில் வீழ்ந்தவர்கள் நினைவில் குறுக்கிடுகிறார்கள். இரண்டிற்கும் தொடர்பு ஏதும் இல்லை. ஆண்டு ஒன்றே.

இனி முறைக்கு வருவோம். கவிஞர்களாகிய நீங்கள் சற்றுப் பொறுமை காட்ட வேண்டும். உங்களுக்கு உரிய பொருள் இங்கேதான் இருக்கிறது.

முப்பத்தொன்பது இலக்க எண் பகா எண்ணா என்று அறிய ஒவ்வோர் எண்ணாக வகுத்துப் பார்ப்பது பல பிறவிகள் எடுத்தாலும் முடியாத செயல். லூக்கா வேறு வழி கண்டார். குறிலுக்கு மாத்திரை ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்பது நாம் அறிந்தது. மூன்று மாத்திரை கொண்ட ஒரு சந்தத்தை எத்தனை வகையில் நிரப்பலாம்? குறில்-குறில்-குறில், குறில்-நெடில், நெடில்-குறில்: மூன்று வகை. நான்கு மாத்திரைக்கு ஐந்து வகை, ஐந்துக்கு எட்டு. ஈற்றில் குறில் நின்றால் அதற்கு முன் ஒரு மாத்திரை குறைந்த சந்தம் நிற்கும். நெடில் நின்றால் இரண்டு குறைந்த சந்தம் நிற்கும். ஆகவே ஒவ்வோர் எண்ணும் தனக்கு முந்திய இரண்டின் கூட்டுத்தொகை. 1, 2, 3, 5, 8, 13 எனச் செல்லும் இத்தொடரைப் பிராகிருத யாப்பு நூலார் விரகாங்கரும், பன்னிரண்டாம் நூற்றாண்டில் குசராத்தின் ஹேமசந்திரரும் அறிந்திருந்தனர். இத்தாலியப் பிபனாச்சி 1202இல் முயல்களின் பெருக்கத்தைக் கொண்டு இதையே சொன்னார். அவர் பெயரை இத்தொடருக்குச் சூட்டி நிலைக்கச் செய்தவர் லூக்கா.

இத்தொடருக்கு ஓர் உடன்பிறப்பு உண்டு: 1, 3, 4, 7, 11, 18, 29, 47... கூட்டல் விதி அதுவே. தொடக்கம் மட்டும் வேறு. சந்தத்தை நேர்கோட்டில் வைக்காமல், ஈறு முதலோடு சேரும்படி வட்டமாக வளைத்து, கடைசி நெடிலின் ஒரு பாதி ஈற்றிலும் மறுபாதி முதலிலும் அமையலாம் என்று இசைவளித்தால் கிடைக்கும் வகைகளின் எண்ணிக்கை இது. அந்தாதி பாடிய நாட்டினருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இந்த வட்டத் தொடருக்குத்தான் இன்று 'லூக்கா எண்கள்' என்று பெயர்.

இதில் இரண்டாம், நான்காம், எட்டாம், பதினாறாம் உறுப்புகளை மட்டும் எடுத்தால் 3, 7, 47, 2207 எனக் கிடைக்கும். ஒவ்வொன்றையும் வர்க்கமாக்கி இரண்டைக் கழித்தால் அடுத்தது வந்துவிடும். லூக்கா கண்ட சோதனை இதுதான். 2-இன் 7ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த 127 பகா எண்ணா என்று இதைக் கொண்டு பார்ப்போம். மூன்றில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் வர்க்கமாக்கி, இரண்டைக் கழித்து, 127ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். 3, 7, 47, அடுத்தது 2207. அதை வகுத்தால் மீதி 48. 48-இன் வர்க்கத்தில் இரண்டு குறைத்தால் 2302, மீதி 16. 16-இன் வர்க்கத்தில் இரண்டு குறைத்தால் 254, மீதி இல்லை. ஆறாம் எண்ணாகச் சுழியம் வந்து நின்றது. ஆகவே 127 பகா எண். அடுக்கை நான்கால் வகுக்க மூன்று எஞ்சும்போது இச்சோதனை பொருந்தும். 3, 7, 127 மூன்றும் அத்தகையவை. இதன் நிறுவலை விரிக்க இங்கு இடமில்லை. எந்த அடுக்குக்கும் பொருந்துமாறு இதனைத் திருத்தியமைத்தவர் லேமர் என்னும் அமெரிக்க அறிஞர். 1930க்குப் பின் இது லூக்கா-லேமர் சோதனை என்றே வழங்குகிறது.

நம் பெரிய எண்ணுக்கு இவ்வாறு 125 முறை வர்க்கமாக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் முப்பத்தொன்பது இலக்க எண்ணை அதனாலேயே பெருக்கி, ஏறத்தாழ எழுபத்தேழு இலக்கம் கொண்ட விடையை மீண்டும் முப்பத்தொன்பது இலக்கத்தால் வகுக்க வேண்டும். ஓரிடத்தில் ஓர் இலக்கம் தவறினாலும் அத்தனையும் வீண். இச்சுமையைக் குறைக்க இந்த எண்ணின் பண்பு ஒன்று கைகொடுத்தது. 127ஐப் பொறுத்தவரை 128 என்பது ஒன்றுக்குச் சமம். வகுத்தால் ஒன்றுதானே எஞ்சும்? ஆகவே 2207ஐ வகுக்கவே வேண்டாம். அதில் 128 பதினேழு முறை உண்டு, மேலும் 31. பதினேழையும் முப்பத்தொன்றையும் கூட்டினால் 48. வகுத்தல் கூட்டலாகச் சுருங்கிவிட்டது. நீண்ட துணியை மடித்து மேலே போடுவதுபோல, மிஞ்சிய பகுதியை மடித்து முதற்பகுதியின்மேல் போட்டுக் கூட்டினால் போதும். லூக்கா 127 கட்டம் நீளமும் 127 கட்டம் அகலமும் கொண்ட சதுரங்கப் பலகை ஒன்றைக் கணக்கிடும் களமாக்கிக்கொண்டார். இரண்டின் அடுக்குகளாக எண்களை எழுதிக் காய்களால் நிரப்பி, வலப்புறம் நின்றதை இடப்புறம் மடித்து, விளையாட்டைப் போலவே அவ்வேலையைச் செய்தார். கணக்கும் விளையாட்டும் அவருக்கு வேறு வேறாக இருக்கவில்லை. 1891இல் ஒரு விருந்தில் கைதவறி விழுந்து உடைந்த தட்டின் சில்லு கன்னத்தைக் கீறி, அப்புண் முற்றி, நாற்பத்தொன்பதாம் வயதில் அவர் மறைந்தார்.

இங்கே ஒரு சொல். மாத்திரைக் கணக்கு நம் நாட்டு யாப்பாசிரியர்களிடம் முன்பே இருந்தது என்பதைக் கொண்டு, பகா எண் சோதனையும் நம்மிடமிருந்தே சென்றது என்று மேடையேறி முழங்க யாரேனும் முற்படலாம். அது பொய்யாகும். விரகாங்கரும் ஹேமசந்திரரும் செய்யுளுக்காக எண்ணினார்கள். லூக்காவுக்கு அவர்கள் வழியாக எதுவும் போய்ச் சேர்ந்ததாகச் சான்றில்லை. தமிழ் யாப்போ அசையை அடிப்படையாகக் கொண்டது. மாத்திரைக் கணக்குச் சந்தப் பாடல்களில்தான் ஆட்சி செய்கிறது. உரிமை கொண்டாட வேண்டிய நேரங்களில் நாம் வாளாவிருந்தோம் என்பதே என் மனக்குறை. சான்று கூறுகிறேன்.

இராமானுசனுக்கு நாம் சிலை வைத்தோம். நல்லது. அவர் 1913 சனவரி 16ஆம் நாள் சென்னைத் துறைமுகக் கழக அலுவலகத்திலிருந்து ஹார்டிக்கு எழுதிய முதற்கடிதத்தில், ஓர் எல்லைக்குள் எத்தனை பகா எண்கள் உண்டு என்பதற்குத் தாம் வழி கண்டதாகக் குறித்திருந்தார். அவ்வழியில் பிழை இருந்தது. ஹார்டியும் லிட்டில்வுட்டும் அதைக் கண்டார்கள். அப்பிழையை மறைத்துப் பேசுவது அவருக்குச் செய்யும் மரியாதையன்று. ஆறாண்டுகளுக்குப் பின், 1919இல், இந்தியக் கணிதக் கழக இதழில் ஓர் எண்ணுக்கும் அதன் இருமடங்குக்கும் இடையே பகா எண் உண்டு என்பதற்கு மிகச் சுருங்கிய நிறுவலைத் தந்து, 2, 11, 17, 29, 41 என்னும் எண்களைக் குறித்தார். இன்று அவை இராமானுசன் பகா எண்கள் என வழங்கப்படுகின்றன.

சிவசங்கரநாராயண பிள்ளையை எத்தனை பேர் அறிவோம்? அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1929 முதல் 1941 வரை பணியாற்றியவர். எந்த எண்ணையும் ஆறாம் அடுக்குகளின் கூட்டுத்தொகையாக எழுத அதிகம் போனால் எத்தனை உறுப்புகள் வேண்டும் என்னும் வினாவுக்கு 73 என்று 1940இல் விடை நிறுவியவர். அவ்விடையின் ஒரு பாதியை நாமே சரிபார்க்கலாம். 703 என்னும் எண்ணை எடுங்கள். 3-இன் ஆறாம் அடுக்கு 729. அது பெரிது, பயன்படாது. எஞ்சுவன 64உம் ஒன்றும். பத்து முறை 64 போக 63 ஒன்றுகள் தேவை; ஆக 73. 63 என்பதும் 2-இன் அடுக்கில் ஒன்று குறைவுதான் என்பதைக் கவனித்தீர்களா? இதற்குமேல் எந்த எண்ணுக்கும் தேவைப்படாது என்று காட்டுவதுதான் மறுபாதி, கடினமான பாதி. உலகின் முன்னணி அறிஞர்கள் முயன்றுகொண்டிருந்ததைச் சிதம்பரத்தில் இருந்தபடி அவர் முடித்தார். அவர் பெயராலும் பகா எண்கள் உண்டு. அவற்றுள் சிறியது 23.

1950இல் அமெரிக்காவின் ஹார்வர்டில் நிகழவிருந்த உலகக் கணித மாநாட்டுக்கும், பிரின்ஸ்டன் உயராய்வு நிலையத்தில் ஓராண்டு தங்கி ஆய்வதற்குமாகப் புறப்பட்ட பிள்ளை, ஆகஸ்டு 31ஆம் நாள் எகிப்தில் விமானம் விழுந்து மாண்டார். வயது நாற்பத்தொன்பது, லூக்காவுக்கும் அதே வயது.

இராமானுசனோ பிள்ளையோ லூக்காவின் எண்ணைவிடப் பெரிய பகா எண்ணைத் தேடியவர்கள் அல்லர். அவர்கள் நாடியது விதியை; தனியொரு எண்ணை அன்று. ஆயினும் மூவரும் ஒரே கருவியால் உழைத்தவர்கள்: கை. இராமானுசன் சிலேட்டில் எழுதி முழங்கையால் அழித்தார். லூக்கா பலகையில் காய் நகர்த்தினார். கையால் எட்டக்கூடிய உயரம் எது என்பதற்கு அந்த முப்பத்தொன்பது இலக்கங்கள் அளவுகோலாக நின்றன.

பிள்ளை மறைந்த மறு ஆண்டே அக்காலம் முடிந்தது. 1951இல் ஃபெரியே என்பவர் மேசைக் கணக்குப் பொறியின் துணையால் நாற்பத்துநான்கு இலக்கப் பகா எண்ணைக் கண்டார். அதே ஆண்டில், இராமானுசன் ஆய்வு செய்த கேம்பிரிட்ஜ் நகரில், மில்லரும் வீலரும் 'எட்சாக்' என்னும் மின்னணுக் கணிப்பொறியைக் கொண்டு எழுபத்தொன்பது இலக்கத்தை எட்டினர். அந்தப் புதிய எண் எது தெரியுமா? லூக்காவின் எண்ணை வர்க்கமாக்கி, 180ஆல் பெருக்கி, ஒன்று கூட்டியது. இயந்திரம் ஏறிய முதற்படியும் கையால் செதுக்கிய அதே கல்லின்மேல்தான் அமைந்தது. பின்னர் வேகம் கூடிற்று. 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட பகா எண் 2-இன் 136279841ஆம் அடுக்கில் ஒன்று குறைவு; அதன் இலக்கங்கள் 4,10,24,320. அதைச் சோதிக்கவும் லூக்கா-லேமர் முறையே பயன்பட்டது. கையால் மட்டும் காணப்பட்டவற்றுள் பெரியது எது என்று கேட்டால் இன்றும் விடை லூக்காவின் எண்தான்.

1811இல் பீட்டர் பார்லோ என்னும் ஆங்கிலேயர், அன்று தெரிந்திருந்த பத்து இலக்கப் பகா எண்ணைக் குறிப்பிட்டு, இதைவிடப் பெரியதை எவரும் தேடமாட்டார், பயனற்ற வேடிக்கைக்காக யார் இவ்வளவு உழைப்பார் என்ற கருத்தில் எழுதினார். பூட்டுக்குப் பேர்பெற்ற ஊரில் வாழும் நமக்கு அப்பயனை விளக்குவது எளிது. நாகல் நகர்ப் பக்கம் ஒரு பட்டறையில் வயது முதிர்ந்த தொழிலாளி ஒருவர் மாங்காய்ப் பூட்டைத் திறந்து உள்ளே காட்டியிருக்கிறார். அடுக்கடுக்காக லீவர்கள், சாவியின் ஒவ்வொரு வெட்டும் ஒவ்வொரு லீவரை அதற்குரிய உயரத்துக்குத் தூக்கினால் ஒழியத் தாழ் நகராது. அரத்தால் தேய்த்துத் தேய்த்துக் கையாலேயே அவ்வளவைக் கொண்டுவருகிறார். திண்டுக்கல் பூட்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. அலிகாரிலிருந்து மலிவாக வந்து குவியும் பூட்டுகளோடு போட்டியிட அக்குறியீடு ஒன்றே போதாது என்பதை அப்பட்டறையில் அமர்ந்திருந்தபோது உணர்ந்தேன். வங்கிக் கணக்கையும் கைப்பேசிச் செய்தியையும் காக்கும் இன்றைய பூட்டுகளோ எண்களால் ஆனவை. இரு பெரும் பகா எண்களைப் பெருக்குவது எளிது, பெருக்கியதைப் பகுப்பது மிக அரிது என்னும் ஒன்றையே தாழாகக் கொண்ட பூட்டு 1977இல் வெளிவந்தது. 2015இல் ஆய்வாளர் இருவர் அமைத்த 'ஃபோர்க்யூ' என்னும் எண்பூட்டு நேராக லூக்காவின் எண்ணின்மேலேயே இயங்குகிறது. காரணம் அதே மடிப்பு: வகுக்க வேண்டிய இடத்தில் மடித்துக் கூட்டினால் போதும் என்பதால் கணிப்பொறிக்கு வேலை குறைகிறது. பலகையில் காய்களை மடித்த கைக்கு உதவிய பண்பு, நூற்று முப்பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் பூட்டுச் செய்வோர்க்கும் உதவியது.

ஒன்று மட்டும் எஞ்சுகிறது. 2-இன் இரண்டாம் அடுக்கில் ஒன்று குறைத்தால் 3. 3ஆம் அடுக்கில் ஒன்று குறைத்தால் 7. 7ஆம் அடுக்கில் 127. 127ஆம் அடுக்கில் லூக்காவின் எண். எல்லாம் பகா எண்கள். லூக்காவின் முடிவு வெளிவந்ததும் கத்தலான் என்னும் அறிஞர் இச்சங்கிலியைச் சுட்டிக்காட்டினார். அடுத்த கண்ணி, 2ஐ லூக்காவின் எண்ணையே அடுக்காகக் கொண்டு உயர்த்தி ஒன்று குறைத்தது, பகா எண்தானா? அதை எழுத வேண்டிய இலக்கங்களின் எண்ணிக்கையே முப்பத்தெட்டு இலக்கம் கொண்டது. உலகிலுள்ள கணிப்பொறிகள் அனைத்தும் கூடினாலும் அதனை லூக்காவின் முறையால் சோதிக்க இயலாது. சிறிய வகுத்திகளைத் தேடிப் பார்த்திருக்கிறார்கள். இதுவரை ஒன்றும் அகப்படவில்லை.